வெயிலில் கறுக்கும் கண்ணாடி

அந்தப் பட்டறையில் வெளிச்சத்தைக் கண்டால் எரிச்சல்படுகிற ஒரே ஆள் இருட்டறை அக்காதான். கதவை ஒரு விரற்கடை திறந்து யாராவது எட்டிப் பார்த்தால் போதும், "கதவு! கதவு!" என்று உள்ளேயிருந்து அதட்டல் வரும். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தைந்து வருடமாக இருட்டில் உட்கார்ந்து எல்லார் வேலையிலும் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறவளைப் பின்னே எப்படிக் கூப்பிடுவதாம்?

குறை கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். விமான இன்ஜின்களைப் பிரித்து, கழுவி, சோதித்து, மறுபடி பூட்டி அனுப்புகிற பட்டறை அது. கழுவிய பாகங்களை ஒரு சாயத்தில் முக்குவார்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்தச் சாயம் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே ஒட்டியிருப்பதை அலசிவிட்டு, உலர்த்தி, மாவு போல ஒரு பொடியைத் தூவி அக்காவிடம் அனுப்புவார்கள். இருட்டறையில் ஊதா விளக்கின் கீழே வைத்தால், விரிசலில் ஒளிந்திருந்த சாயம் பொடியில் ஊறிக் கசிந்து, பச்சையும் மஞ்சளுமாக ஒரு கோடு பளிச்சென்று எரியும். கோடு இருந்தால் பாகம் தள்ளுபடி. இல்லையென்றால், அக்கா தன் இடுப்புப் பையிலிருந்து நாற்பத்தொன்று என்று எண் போட்ட முத்திரையை எடுத்துத் தாளில் ஒரு குத்து. அந்தக் குத்து விழுந்த பிறகு யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. வீட்டுச் சாவியை அவள் மூன்று முறை தொலைத்திருக்கிறாள், மோதிரத்தை ஒரு முறை. முத்திரையை ஒரு நாளும் மறந்து வைத்ததில்லை.

அவள் வீட்டுக்காரரும் அதே பட்டறைதான். இன்ஜின் பூட்டுகிற பிரிவின் ஃபோர்மேன். எந்த மரையை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று புத்தகத்தில் எண் இருக்கும். அதற்கு மேலே இம்மி கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார். முகத்தையும் அதே அளவில்தான் வைத்திருப்பார். ஆகையால் அவருக்கு 'முறுக்கு' என்று பெயர். கல்யாணத்துக்கு முன்னால் அவர் பிரிவுக்குப் போக வேண்டிய பாகத்தை அக்கா இரண்டு முறை தள்ளுபடி செய்துவிட்டாள். சண்டைக்குப் போன மனுஷன் மூன்றாம் முறை பெண் கேட்டு ஆள் அனுப்பினார் என்று பட்டறையில் இன்றைக்கும் ஒரு கதை உண்டு. ஃபோர்மேனாகிப் பதினாறு வருடத்தில் அவர் மூடிய இன்ஜினை யாரும் திரும்பத் திறந்ததில்லை. அதில் மனுஷனுக்கு அவ்வளவு பெருமை. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார், ஆனால் யாராவது சொன்னால் காதை நன்றாகக் கொடுப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். இருபத்திரண்டு வயதாகியும் வீட்டில் பாப்பாதான். நிலம் அளக்கிற அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்த மாதத்தில்தான் அக்காவின் கண்ணுக்கும் வயசானது. தூரத்தில் பார்ப்பதற்குக் குறையில்லை. பக்கத்தில் பார்க்கும்போது மட்டும் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வருடாந்தரக் கண் பரிசோதனையில், கிட்டப் பார்க்கக் கண்ணாடி போட்டே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பாப்பா முதல் சம்பளத்தில் வாங்கி வந்தாள்.

"எங்க ஆபீஸ்ல எல்லாரும் இந்த மாதிரிதான்மா போடுறாங்க. இருக்கறதுலயே நல்லது."

"எதுக்குடி இவ்வளவு ஒசத்தியா?"

"உன் கண்ணு என்ன சாதாரணக் கண்ணா?"

அக்காவுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. கண்ணாடியை இருட்டறையிலேயே பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். பாகம் பார்க்கும்போது போடுவாள், வெளியே வரும்போது கழற்றிவிடுவாள். இப்படியே ஒன்பது வேலை நாட்கள் போயின. அறுபத்துமூன்று பாகங்கள். அவற்றில் நாலைத் தள்ளினாள். ஐம்பத்தொன்பதுக்கு முத்திரை குத்தினாள்.

அந்த ஐம்பத்தொன்பதில் ஒன்று, ஒரு டிஸ்க்.

டிஸ்க் என்றால் சாதாரணச் சாமான் இல்லை. சாப்பாட்டு மேசை அகலத்துக்கு ஒரு கனத்த இரும்புவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு என்று சொன்னால் முறுக்கு சண்டைக்கு வருவார், அது வேறு உலோகம். அதன் விளிம்பைச் சுற்றி இன்ஜினின் இறக்கைகள் செருகியிருக்கும். ஓர் இறக்கை உடைந்தால் இன்ஜினின் கூடு தாங்கிப் பிடித்துக்கொள்ளும். டிஸ்க் உடைந்தால் அதைத் தாங்கிப் பிடிக்க உலகத்தில் ஒரு கூடும் கிடையாது. அதனால் அதற்குப் பிறக்கும்போதே ஆயுளை எழுதிவிடுகிறார்கள். விமானம் ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. இந்த டிஸ்க்குக்கு இருபதாயிரம். இருபதாயிரமாவது தடவை தரையைத் தொட்டதும், பார்க்கப் புத்தம் புதுசாக மின்னினாலும் சரி, கழற்றி அறுத்துப் போட்டுவிட வேண்டும். சட்டம் அப்படி. இது இதுவரை பதினோராயிரத்து நானூற்று இரண்டு முறை போய் வந்திருந்தது. இப்போது உள்ளே வைத்து மூடினால் இன்னும் ஐயாயிரம் ஆறாயிரம் தடவை பறந்த பிறகுதான் மறுபடி ஒரு மனிதக் கண் அதைப் பார்க்கும்.

மற்றதையெல்லாம் முன்பே பூட்டி இதற்காகக் காத்திருந்த முறுக்கு, வந்ததும் அதை வைத்து இன்ஜினை மூடியும்விட்டார். ஆறு பேர், இருபது நாள் உழைப்பு. வியாழக்கிழமை காலை லாரி வருவதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை மதியம். வெயில் மண்டையைப் பிளந்தது. தகரக் கூரை சடசடவென்று விரிந்து சத்தம் போட்டது. சாப்பாட்டு மணி அடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் அக்கா வெளியே ஓடி வந்தாள். அவசரத்தில் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டாள். சாப்பாட்டுக்கூடம் சாலைக்கு அந்தப் பக்கம். வாசலில் காவலுக்கு இருக்கிறவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடேங்கப்பா! என்னக்கா, கூலிங் கிளாஸெல்லாம்? சினிமாவுல கூப்பிட்டுட்டாங்களா?"

"யாருக்குக் கூலிங் கிளாஸ்? இது படிக்கிற கண்ணாடிய்யா."

"நல்லா இருக்கே கதை! கன்னங்கரேல்னு மாட்டிக்கிட்டு என் காதுல பூ சுத்துறீங்க."

அக்கா சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கையில் இருந்தது கறுப்புக் கண்ணாடி. காலையில் அவள் துடைத்துப் போட்டது பச்சைத் தண்ணீர் மாதிரி தெளிந்த கண்ணாடி.

சாப்பாட்டு டப்பாவோடு அப்படியே திரும்பிவிட்டாள். "சாப்பிடலையா அக்கா?" என்று காவலாளி கேட்டது காதில் விழுந்ததோ என்னவோ.

இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி தெளிகிறவரை காத்திருந்தாள். பிறகு ஊதா விளக்கின் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து, கண்ணாடியை வைத்து, இடது வில்லையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். மனசுக்குள் நூறு எண்ணினாள். எடுத்துப் போய் வெளியறை வெளிச்சத்தில் பார்த்தாள். கை மூடியிருந்த வில்லை தெளிவாக இருந்தது. மற்றது புகை பிடித்த விளக்குச் சிமினி போல இருந்தது.

வெயிலில் இருக்கிற எந்த ஒளி அந்தக் கண்ணாடியைக் கறுக்க வைக்கிறதோ, அதே ஒளிதான் ஊதா விளக்கிலும் இருக்கிறது. முதலில் கொஞ்ச நேரம் தெளிவாக இருக்கும். அதனால்தான் தினமும் காலையில் பார்க்கிற சோதனைத் தகட்டில், வேண்டுமென்றே போட்டு வைத்த விரிசல்கள் ஐந்தும் அவளுக்குத் தெரிந்திருக்கின்றன. அதற்கப்புறம் மெல்ல மெல்லக் கறுத்திருக்கிறது. கோடு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தபோதெல்லாம் வயசாகிறது என்று தன் கண்ணையே திட்டிக்கொண்டிருந்தாள், பாவி மகள்.

இதில் மானம் போகிற விஷயம் இன்னொன்றும் இருந்தது. இருட்டறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். உள்ளே வருகிறவர்களுக்கான விதிகள் ஒன்பது. ஏழாவது விதி: 'வெயிலில் கறுக்கும் கண்ணாடி அணிந்து இங்கே பாகங்களைச் சோதிக்கக் கூடாது.' ஒட்டியது அக்கா. தட்டச்சு செய்ததும் அக்கா. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்தக் கதவைத் திறந்து மூடுகிறவளும் அக்கா. கண்ணாடி போடுகிற மற்றவர்களுக்காக எழுதியதை, கண்ணாடி போடாத காலத்தில் எழுதியவள், தனக்கும்தான் என்று ஒரு தடவை திரும்பிப் படித்திருந்தால் இந்த வினை வந்திருக்காது.

முக்காலியில் உட்கார்ந்தாள். யாருக்கும் தெரியாது. காவலாளிக்குக் கண்ணாடியைத் தெரியும், விதியைத் தெரியாது. பாப்பாவுக்கும் அப்படியே. பேசாமல் நாளையிலிருந்து வேறு கண்ணாடி போட்டுக்கொண்டால் கதை முடிந்தது. இதே கண்ணாடியோடுதானே நாலு பாகத்தில் விரிசல் கண்டுபிடித்துத் தள்ளினாள்? கண் வேலை செய்துதானே இருக்கிறது? மனசு இப்படி என்னென்னவோ சப்பைக்கட்டு கட்டியது. ஆனால் பார்த்தது நாலு என்று தெரியும், பார்க்காமல் விட்டது எத்தனை என்று யாரைப் போய்க் கேட்பது?

அந்த டிஸ்க் கண்ணுக்குள்ளேயே நின்றது. இருபதாயிரம் என்று ஆயுளைக் குறித்தவர்கள் ஆகாயத்திலிருந்து எடுத்து அந்த எண்ணைப் போடவில்லை. வழியில் திறந்து பார்க்கும்போது, இத்தனை நீளத்துக்கு ஒரு விரிசல் இருந்தால் இருட்டறையில் இருக்கிற ஆள் அதைத் தவற விடமாட்டார் என்று நம்பித்தான் போட்டார்கள். அவர்கள் அவளைப் பார்த்ததில்லை, பெயர் தெரியாது. ஆனாலும் அந்தக் கணக்கில் அவள் கண்ணையும் சேர்த்திருந்தார்கள். அதை நினைத்தபோது, பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு கர்வம் வந்தது. அந்தக் கர்வம்தான் அவளை முக்காலியிலிருந்து எழுப்பியது.

தர அதிகாரியின் அறை மாடியில். எந்தத் தாளைக் கொடுத்தாலும் ஒரு கமாவாவது போடாமல் திருப்பித் தரமாட்டார் என்பதால் அவருக்குக் கமா சார் என்று பெயர். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடியை மேசைமேல் வைத்தாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி போடப் போறேன்னு சீட்டு குடுத்தீங்களே. நான்தானே கையெழுத்துப் போட்டேன்?"

"ஆமா சார். பவர் எழுதியிருந்தது. எந்த வகைன்னு எழுதலை."

"நானும் கேக்கலை." பெருமூச்சு விட்டார். "அறுபத்துமூணும் இன்னும் நம்ம காம்பவுண்டுக்குள்ளதானே இருக்கு?"

"ஒண்ணும் வெளிய போகலை சார். தள்ளின நாலு மூலையில கெடக்கு. டிஸ்க் மட்டும் மூடின இன்ஜினுக்குள்ள."

"யார் மூடினதுன்னு தெரியும்ல?"

"தெரியும் சார். அவரோடதான் இருபத்திநாலு வருஷமா குடும்பம் நடத்துறேன்."

கமா சாருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அக்கா, நீங்க இதைச் சொல்லிட்டா நான் முத்திரையை வாங்கி வெச்சுக்கணும். விசாரணை முடிஞ்சாத்தான் திரும்பக் குடுக்கலாமா வேண்டாமான்னு முடிவாகும். அது என் கையில இல்லை, மேல இருந்து வர்றவங்க கையில."

"தெரிஞ்சுதான் சார் வந்தேன்."

இடுப்புப் பையிலிருந்து முத்திரையை எடுத்து வைத்தாள். அவர் அதை ஓர் உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டார். நடந்ததை எழுதித் தரச் சொன்னார். அவள் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். பழக்க தோஷத்தில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தவர், கடைசி வரிக்கு வந்ததும் மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"இதுல திருத்த ஒண்ணும் இல்லை" என்றார்.

படி இறங்கும்போது அக்காவுக்கு இடுப்புப் பக்கம் காலியாக, ஒரு மாதிரியாக இருந்தது. அழுகை வந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் முன்னால் முறுக்கு, பின்னால் அக்கா. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் ஆரம்பித்தார்.

"கமா போன் பண்ணித்தான் எனக்குத் தெரியணுமா?"

அக்கா வெங்காயத்தையும் கத்தியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நாப்பது அடி. உன் அறைக்கும் என் இன்ஜினுக்கும் நடுவுல நாப்பது அடிதான். நடந்து வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மாடி ஏறத் தெரியுது, நாப்பது அடி நடக்கத் தெரியலை?"

"சொல்லியிருந்தா வேண்டாம்னு தடுத்திருப்பீங்களா?"

"தடுக்க மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

"அதுக்காகக் கேக்காமலே இருந்துடறதா? நான் என்ன மூணாம் மனுஷனா?"

"நீங்க தடுத்திருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும்." அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "ஆனா ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பீங்க. வியாழக்கிழமை லாரி, ஆறு பேரு இருபது நாள் பட்ட பாடு, பதினாறு வருஷப் பேரு, எல்லாம் அந்த ஒரு நிமிஷத்துல உங்க மூஞ்சியில ஓடியிருக்கும். அதை நான் பார்த்துட்டேன்னா சாகறவரைக்கும் மறக்க மாட்டேன். அதான் வரலை."

முறுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். அவருக்கு உரிக்கத் தெரியாது. பாதி வெங்காயம் தோலோடு போனது.

"ஒரு நிமிஷம் ஆகாது" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "அரை நிமிஷம்."

அவள் சிரிக்கிற சமயத்தில் பாப்பா வீட்டுக்குள் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை, நின்ற இடத்திலேயே கண் நிறைந்துவிட்டது.

"என்னாலதானே? நான்தானே அந்த சனியனை வாங்கிட்டு வந்தேன்? கடைக்காரர் வெயில்ல தானா மாறும்னு சொன்னாரு. பெரிய விஷயம்னு சந்தோஷமா வாங்கிட்டு வந்தேன். உங்கிட்ட சொல்லக்கூட இல்லை. ஒரு நாள் நீயா வெளிய போட்டுட்டுப் போயி அசந்து போவேன்னு..."

"அசந்துதான் போனேன், போ."

"விளையாடாதம்மா! வேலை போயிடுமா?"

"வேலை போகாது. முத்திரைதான், வருமோ வராதோ. நீ வாங்கிக் குடுத்தது வெயிலுக்கு. நான் கொண்டு போயி இருட்டுல போட்டேன். தப்பு யாருது? கதவுல விதி எழுதி ஒட்டினவ நீயா, நானா?" அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "கண்ணாடியைச் சனியன்னு சொல்லாதே. உன் முதல் சம்பளம்டி அது."

மூன்று பேரும் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். கருகிய வெங்காயத்தைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

மறுநாள் வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. தகரக் கூரைக்கு அடியில் பேசுவது பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்காது. பிளாஸ்டிக் உறை சுற்றி, அனுப்பத் தயாராக நிறுத்தியிருந்த இன்ஜினைச் சுற்றி ஆறு பேரும் துக்க வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள். அவர்களில் உயரமானவன், நெட்டை என்று பெயர், மழையையும் மீறிக் கத்தினான்.

"ஒரு கண்ணாடிக்கு இருபது நாள் வேலையா சார்? அக்கா சும்மா இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போவுது?"

முறுக்கு அவனை ஏற இறங்கப் பார்த்தார். எல்லோரும் இடி விழப் போகிறது என்று ஒதுங்கினார்கள். ஆனால் அவர் சத்தமே போடவில்லை, கிட்டப் போய் நின்று பேசினார்.

"உன் அம்மா போன மாசம் விமானத்துலதானே ஊருக்குப் போனாங்க?"

"ஆமா சார்."

"அந்த இன்ஜின்ல எத்தனை முத்திரை இருந்துச்சு, யாரு குத்தினது, கேட்டியா?"

"இல்லை சார்."

"கேக்காம ஏத்தி விட்டேல்ல? அதுக்காகத்தான் அவ சும்மா இருக்கலை."

உறையின் மேல் கத்தியை வைத்து முதல் கீறலை அவரே கீறினார். முதல் மரையையும் அவரே கழற்றினார். அவர் மூடியதை யாரும் திறந்ததில்லை என்கிற பதினாறு வருடப் பெயர் அந்த மரையோடு கழன்று வந்தது. தட்டில் அதைப் போட்டுவிட்டு, "ம், வாங்க, வேடிக்கை பார்த்தது போதும்" என்றார். அதன் பிறகு ஒருவனும் முணுமுணுக்கவில்லை.

அக்காவைக் கழுவும் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். முத்திரை இல்லாதவள் சோதிக்கக் கூடாது, கழுவலாம். ரப்பர் கையுறையும் முழங்கால் வரை பூட்ஸுமாக வெந்நீர்த் தொட்டிக்கு முன்னால் நின்றாள். இருபத்தைந்து வருடத்தில் அவளுக்கு வந்த பாகமெல்லாம் பளபளவென்று வந்ததுதான். அது எத்தனை கரியோடும் எண்ணெயோடும் இங்கே வருகிறது என்று இப்போதுதான் பார்த்தாள். முதல் நாள் இடுப்பு ஒடிந்தது. இரண்டாம் நாள் கழுவுகிறவர்களோடு சண்டை போட்டாள், மூலையில் அழுக்கு நிற்கிறதென்று. "கழுவ வந்தும் குறை சொல்றதை விடலையே, மகராசி!" என்று அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அறுபத்துமூன்றையும் மறுபடி பார்க்கிற பொறுப்பு மற்ற ஷிப்டின் சோதனைக்காரருக்கு. இருட்டில் நன்றாகக் கண் தெரியும் என்பதால் அவர் பூனை. ஆறாம் நாள் டிஸ்க் அவரிடம் போனது. கழுவிச் சாயத்தில் முக்குகிறவரை கூட நின்ற அக்கா, இருட்டறை வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே போக அவளுக்கு அனுமதி இல்லை. அவள் ஒட்டிய தாள் அவளுக்கு நேராகத் தொங்கியது. முறுக்கும் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நின்றுகொண்டார், அந்த வழியாகப் போகிறவர் போல.

அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளேயிருந்து பூனையின் குரல் வந்தது.

"அக்கா, அங்க இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"பதினொண்ணாம் நம்பர் போல்ட் ஓட்டை. அதோட விளிம்புல ஒரு கோடு எரியுது."

முறுக்கு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பட்டறையில் வைத்து அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"எவ்வளவு நீளம்?" என்றாள்.

"அரிசியில பாதி."

"நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா?"

"வளைஞ்ச மாதிரி இருக்கு. துடைச்சுட்டேன். மறுபடி பொடி போட்டிருக்கேன். பத்து நிமிஷம் பொறுக்கணும்."

துடைத்த பிறகும் உள்ளேயிருந்து சாயம் ஊறி வந்தால் விரிசல். வராவிட்டால் மேலே ஒட்டிய நூலோ தூசியோ. அந்தப் பத்து நிமிடத்தைக் குறைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. முறுக்கு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தாளின் ஒன்பது விதிகளையும் படித்தாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள். கதவைத் தள்ளி உள்ளே போய்விடலாமா என்று ஒரு தடவை தோன்றியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கதவு திறந்தது. பூனை கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"திரும்ப வரலை. துணி நூலு. இன்னொரு தடவையும் பொடி போட்டுப் பார்த்துட்டேன். சுத்தம் அக்கா, மொத்த டிஸ்க்கும் சுத்தம்."

அக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எட்டாம் நாள் அறுபத்துமூன்றும் முடிந்தது. அவள் தள்ளிய நாலும் உண்மையாகவே விரிசல். அவள் முத்திரை குத்திய ஐம்பத்தொன்பதும் சுத்தம். ஒன்றுகூடத் தவறவில்லை. தேநீர் நேரத்தில் நெட்டை தலையைச் சொறிந்தான்.

"அப்போ பிரிச்சது வீண்தானே சார்?"

"எப்படிடா வீண்?" என்றார் முறுக்கு. "போன வாரம் அது நல்லா இருக்குன்னு நெனச்சோம். இந்த வாரம் நல்லா இருக்குன்னு தெரியும். நெனைக்கிறதுக்கும் தெரியிறதுக்கும் நடுவுலதான்டா உனக்கும் எனக்கும் சோறு."

விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அம்மா வந்தாள். குள்ளமான உருவம், பெரிய கைப்பை, சிரிப்பு மருந்துக்கும் இல்லை. எல்லாத் தாள்களையும் படித்தாள். அக்காவுக்குக் கண் பரிசோதனை வைத்தாள், எழுத்துத் தேர்வு வைத்தாள், கறுக்காத சாதாரணக் கண்ணாடி ஒன்றோடு இருட்டறையில் உட்கார வைத்துப் பன்னிரண்டு மாதிரிப் பாகங்களைக் கொடுத்தாள். பன்னிரண்டிலும் அக்கா சரி. கடைசியில் கதவுக்கு முன்னால் வந்து நின்று ஏழாவது விதியை விரலால் தட்டினாள்.

"இதை ஒட்டினது யாரு?"

"நான்தாங்க."

"படிச்சதில்லையா?"

"எழுதினவ எதுக்குங்க படிக்கப் போறா? அதான் தப்பு."

அந்த அம்மா விதியிலிருந்து விரலை எடுத்தாள். "தப்பு கண்டுபிடிச்சவங்களை நெறையப் பேரைப் பார்த்திருக்கேன்" என்றாள். "தன்னோட தப்பைக் கண்டுபிடிச்சு, தானே மாடி ஏறி வந்தவங்களை இந்தப் பதினெட்டு வருஷத்துல மூணு பேரைத்தான் பார்த்திருக்கேன்." கைப்பையிலிருந்து, கமா சார் ஒட்டிக் கையெழுத்துப் போட்ட உறையை எடுத்து நீட்டினாள். அக்கா பிரித்து, முத்திரையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். இந்தத் தடவை கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, யார் பார்த்தால் என்ன?

அந்த அம்மா போகும்போது ஒரு புது விதியையும் எழுதி வைத்துவிட்டுப் போனாள். இருட்டறைக்குள் கண்ணாடியோடு வருகிறவர் யாராக இருந்தாலும், தினமும் காலையில் அதை ஊதா விளக்கின் கீழே இரண்டு நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டறையில் இதற்கு அக்கா சோதனை என்று பெயர் விழுந்துவிட்டது. கமா சார்கூட, "இன்னைக்கு அக்கா சோதனை ஆச்சா?" என்றுதான் கேட்கிறார்.

இன்ஜினை முறுக்கு மறுபடி பூட்டினார். இரண்டாவது தடவை பதினேழே நாள். ஆறு பேரும் போட்டி போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். லாரி வந்தது, போனது. எந்த விமானத்தில் மாட்டியிருக்கிறார்கள், எந்த நாள் முதலில் பறக்கிறது என்று கமா சார் விசாரித்துச் சொன்னார்.

அது ஒரு விடுமுறை நாள் காலை. விமான நிலையத்துக் கம்பி வேலி ஓரமாகப் போகிற சாலையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மூவரும் நின்றார்கள். மழை பெய்து ஓய்ந்த புல்லின்மேல் வெயில் சுள்ளென்று விழுந்தது. அக்கா கைப்பையைத் திறந்து, பாப்பா வாங்கிக் கொடுத்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கண் முன்னாலேயே அது கறுத்தது.

"இதுக்குத்தான்மா வாங்கினேன்" என்றாள் பாப்பா. "எவ்வளவு ஜோரா இருக்கே, தெரியுமா?"

"நடிகை மாதிரியா?"

"நடிகையெல்லாம் உன்கிட்ட நிக்க முடியுமா?"

தூரத்தில் விமானம் திரும்பி நின்றது. ஓட ஆரம்பித்தது. முறுக்கு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காதைச் சாய்த்துச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நூற்று எண்பது பேரைச் சுமந்துகொண்டு அது அவர்கள் தலைக்கு மேலே ஏறியது. வேலிக் கம்பி அதிர்ந்தது. அக்காவுக்குக் கண் கூசவில்லை, கடைசிப் புள்ளிவரை பார்த்தாள்.

"பதினோராயிரத்து நானூத்தி மூணு!" என்று பாப்பா கத்தினாள். வீட்டில் அந்த எண்ணைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் மனப்பாடம்.

"இன்னும் இல்லை" என்றார் முறுக்கு, சட்டம் பேசுகிற குரலில். "இறங்கினாத்தான் கணக்கு."

அக்கா கண்ணாடியைக் கழற்றவில்லை.

"இறங்கும்" என்றாள்.